வாழைத்தார் தொங்கிய இடம்

அப்பா கடையில் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை பொட்டலம் மடிப்பது. பழைய தினத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை உள்ளே திருகிவிட்டு, ஒரு கை பொரிகடலையோ வறுத்த நிலக்கடலையோ போட்டு மேல்வாயை மடக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு பொட்டலம் 5 பைசா. எனக்கு அப்போது எட்டு வயது, 1970. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் ஊர். ஊருக்கே அந்த ஒரு கடைதான்.

முகப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தால் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் சாக்குகளில் வாய் திறந்திருக்கும். மேலே படியும் உழக்கும் ஆழாக்கும் கிடக்கும். ஓலைக் கொட்டானில் உடன்குடிக் கருப்பட்டி. உத்திரத்திலிருந்து கயிற்றில் ஒரு வாழைத்தார் தொங்கும். அது தொங்கும் உயரத்தை அப்பா யோசித்துத்தான் வைத்திருந்தார். கடைசிச் சீப்பு என் கைக்கு எட்டும். தாய் இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு நடுச்சீப்பு எட்டும். கடைக்கு வருகிற குழந்தையின் கண்ணில் முதலில் படுவது பழம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அழும். அம்மாக்காரி திட்டிக்கொண்டே ஒன்று வாங்கிக் கொடுப்பாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் சுண்டல் கொண்டுவருவாள். மொச்சை ஒரு நாள், தட்டாம்பயறு ஒரு நாள், காட்டில் கடலை பிடுங்குகிற மாதங்களில் பச்சைக்கடலையை உப்புப் போட்டு அவித்தது. தை பிறந்தால் பனங்கிழங்கு வரும். சித்திரையில் கடைக்கு முன்னால் நுங்கு வெட்டுவார்கள். பருத்தி எடுக்கிற காலத்தில் பிள்ளைகள் காசு கொண்டுவர மாட்டார்கள். காட்டில் பொறுக்கிய பருத்தியை ஒரு கை அள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பா அதைத் தராசில் போட்டுவிட்டுப் பண்டம் கொடுப்பார். கடலை மிட்டாய் கேட்பார்கள், சாத்தூர்ச் சேவு கேட்பார்கள், சிலர் சீனி மிட்டாய் கேட்பார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே கடையில்தான் பீடிக்கட்டும் புகையிலையும் இருந்தன. மழை பொய்த்த வருடங்களில் சாக்குகளின் வாய் தரையோடு படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னோடு படித்த ஒரு பிள்ளைக்கு மாலைக்கண். விளக்கு வைத்த பிறகு அவளை யாராவது கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். முருங்கைக்கீரை வேலியோரம் வளர்ந்து நின்ற ஊரில் அவளுக்கு அந்தக் கண். அந்தக் கீரை மாலைக்கண்ணைத் தடுக்கும் என்பது பின்னாளில் எனக்கு விளங்கியபோது மிகவும் வருந்தினேன்.

அரிசி எங்கள் ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சமைப்பது. மற்ற நாட்களில் யாராவது அரை உழக்கு அரிசி கேட்டு வந்தால், "வீட்டுக்கு யார் வந்திருக்கா, இல்ல யாருக்குக் காய்ச்சல்?" என்று அப்பா கேட்பார். விருந்தாளியும் காய்ச்சலும் இல்லாமல் அரிசி வாங்குகிற வீடு ஊரில் நாலோ ஐந்தோதான். பள்ளிக்கூடத்தில் கம்பஞ்சோற்று உருண்டையைத் திறக்க வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டோம். அரிசிச் சோறு தினமும் தின்கிற காலம் வந்தால் கவலையெல்லாம் தீரும் என்றுதான் எங்கள் அம்மாக்கள் நம்பினார்கள்.

அந்தக் காலம் வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது பெரிய காரியம். ஆனால் அம்மாக்கள் நம்பிய மற்ற பாதி நடக்கவில்லை. அன்று நாங்கள் ஒளித்துத் தின்ற குதிரைவாலி இன்று பெரிய கடைகளின் அலமாரியில் பளபளக்கும் அரைக்கிலோ பாக்கெட்டில், பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவர்கள் காரில் வருகிறார்கள். அதை விளைவித்த சனங்களின் பேரப்பிள்ளைகள் தெருமுனைக் கடையில் 5 ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். 1984இல் சேர்ந்து 2020 தொடக்கத்தில் ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பையில் இருந்தவை தடுப்பூசிப் பெட்டியும் இரும்புச்சத்து மாத்திரையும் வைட்டமின் ஏ திரவமும். எடை குறைந்த குழந்தைகளைத் தேடிப் போவேன். கடைசிப் பத்து வருடங்களில் அதே வீடுகளில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தேன். முன்பு சோகை என்று மாத்திரை கொடுத்த பெண்ணுக்கே பிறகு சர்க்கரை மாத்திரையும் கொடுத்தேன். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. 2019–21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் உடல் எடை கூடியவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்கு இந்தக் கணக்கு ஆச்சரியம் தரவில்லை. வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. என்ன தின்கிறார்கள் என்று கேட்டால் பெண்கள் தெருமுனையைத்தான் கைகாட்டினார்கள்.

ஓய்வு பெற்றதும் மகனோடு சென்னை அம்பத்தூருக்கு வந்தேன். தொழிற்பேட்டைக்குப் போகிற கூலி வேலைக்காரர்கள் நிறைந்த தெரு. முனையில் ஒரு மளிகைக்கடை. கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள், விளாத்திகுளத்துக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முதல் நாள் கடை வாசலில் நின்று மேலே பார்த்தேன். அப்பா கடையில் வாழைத்தார் தொங்கிய அதே இடத்தில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. சிவப்பு, மஞ்சள், நீலம். கடைசிப் பாக்கெட் சரியாக எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அப்பா யோசித்த அதே உயரம். பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்சாதனப் பெட்டி, உள்ளே வரிசையாகக் குளிர்பானம். 250 மி.லி. புட்டியில் பொதுவாக 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும், ஐந்து தேக்கரண்டிக்கும் மேல். என் பேரன் அதன் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் கோபம் போய்விட்டது. 2020 மே மாதம் கொரோனா தொற்றுப் பரவியதால் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். பெரிய கடைகளில் வரிசை. மாநகராட்சி காய்கறி வண்டிகளை அனுப்பியது. எங்கள் தெருவுக்கு அவை எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. வேலை இழந்து உட்கார்ந்திருந்த நாற்பது ஐம்பது குடும்பங்களுக்குப் பருப்பும் எண்ணெயும் வெங்காயமும் கணக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தவர் அண்ணாச்சிதான். திருப்பிக் கொடுக்காமல் ஊருக்குப் போய்விட்டவர்களும் உண்டு. அந்த நோட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்ய நினைத்துப் பாக்கெட்டைத் தொங்கவிடுவாரா? காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றியது. ஒரு மத்தியானம், கடை ஓய்ந்திருந்த நேரத்தில் கேட்டேன்.

"அண்ணாச்சி, பழம் ஏன் போடுறதில்ல?"

"போட்டுப் பாத்தாச்சுக்கா. ஒரு தார் வாங்குனா மூணு நாள்ல பாதி கறுத்துப் போகுது. கோயம்பேடு போகணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும். லோடு ஆட்டோக்காரனுக்குக் குடுத்தது போக என்ன மிஞ்சும்? பாக்கெட்டுக்காரன் கடை வாசலுக்கே வாரான். கடனுக்குப் போடுதான். தேதி முடிஞ்சா எடுத்துட்டு வேற மாத்தித் தாரான். சரம் தொங்கவிட ஆணி வரைக்கும் அவனே அடிச்சுத் தாரான்."

"அந்தப் பெட்டி?"

"அதுவும் அவுங்க குடுத்ததுதான். கரண்டு மட்டும் நம்ம கணக்கு. ஒரு நாள் பாலும் மோரும் உள்ள வச்சேன். வந்து பாத்துட்டு, வேற சரக்கு வச்சா பெட்டிய எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க."

நான் முப்பத்தாறு வருடம் தாய்மார்களிடம் "கீரை சாப்பிடுங்க, பழம் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கீரையும் பழமும் எந்தக் கடையில், என்ன விலையில், யாருடைய நட்டத்தில் கிடைக்கும் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். பாக்கெட் விற்றால் கடைக்காரருக்கு இலாபம் சிறியது, நட்டம் கிடையாது. பழம் விற்றால் இலாபம் கொஞ்சம் கூடலாம், அழுகினால் நட்டம் முழுவதும் அவர் தலையில். சின்ன முதலில் கடை நடத்துகிற எவரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். என் அப்பாவும் இன்று கடை வைத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார்.

இன்னொன்றையும் அந்தக் கடையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். கூலி வேலைக்காரர் வீட்டில் சாமான் வாங்குவது மாதக் கணக்கில்லை, நாள் கணக்கு. 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்குப் புளி, 20 ரூபாய்க்குப் பருப்பு. அன்றைய கூலி அன்றைய சமையல். பாக்கெட் கம்பெனிகள் இதை நன்றாகப் புரிந்துகொண்டு 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் அளவு வைத்தன. சத்தான பொருளை விற்கிறவர்கள் பெரும்பாலும் அரைக்கிலோவுக்குக் குறைத்து வைப்பதில்லை. அப்பா கடையில் கம்பு ஆழாக்கு அளவில் கிடைத்தது. ஆழாக்குக் கம்பு வாங்குகிற வசதி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

2022 முதல் அண்ணாச்சியும் நானும் சேர்ந்து சிலவற்றைச் செய்து பார்த்தோம். முதலில் பழம். ஒரு தார் வாங்கிப் போடுங்கள், மூன்றாம் நாள் மிஞ்சுகிற பழமெல்லாம் என் கணக்கு என்றேன். தாரைக் கடைக்குள் தொங்கவிட்டோம், யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் சிப்ஸ் சரத்தில் இரண்டைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு அந்த ஆணியில் தாரைத் தொங்கவிட்டார். அப்பா வைத்த அதே உயரத்தில். அந்த வாரம் மிஞ்சியது ஆறு பழம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எட்டிப் பறித்துவிட்டுக் காசை நீட்டினார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு தார் போகிறது. என் கணக்கில் எதுவும் வருவதில்லை.

பப்பாளி தோற்றுப்போனது. வெட்டி வைத்தால் ஈ மொய்த்தது, வெட்டாமல் வைத்தால் முழுப்பழத்தை வாங்க ஆளில்லை. கொய்யாக்காய் நன்றாகப் போனது, உப்பும் மிளகாய்த்தூளும் பக்கத்தில் வைத்ததால். சிறுதானிய பிஸ்கட் ஒரு பெட்டி வாங்கி வைத்தார். விலையும் அதிகம், பின்பக்கம் படித்துப் பார்த்தால் சர்க்கரையும் மைதாவும்தான் முதலில் நின்றன. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

சுண்டல் தொடங்கியது எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு பெண்ணால். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். நாலு மணிக்கு ஒரு எவர்சில்வர் அடுக்கில் சுண்டல் கொண்டுவந்து கடையில் வைப்பார். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை என்று மாறி மாறி. தொன்னை 10 ரூபாய், அண்ணாச்சிக்கு அதில் 2 ரூபாய். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரியாகப் பதிவுசெய்ய அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதை யாரும் தொன்னையைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதில்லை, அது தேவையும் இல்லை. சூடாக இருக்கிறது, தேங்காய்ப்பூ போட்டிருக்கிறது, பக்கத்திலேயே கிடைக்கிறது. ஐந்தரை மணிக்குள் அடுக்கு காலியாகிவிடும்.

கீரைக்கார அம்மா காலையில் தெருவில் விற்றது போக மிஞ்சிய கட்டுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கடையில் வைத்துவிட்டுப் போவார். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிற பெண்கள் அதை வாங்குகிறார்கள். முன்பு அவர்கள் வருகிற நேரத்தில் கீரையே கிடையாது. கேழ்வரகு மாவை அண்ணாச்சி 10 ரூபாய்ப் பொட்டலமாகக் கட்டி வைக்கிறார். காலையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கூழோ தோசையோ செய்ய அது போதும். 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கால்வலி, இடுப்புவலி என்று வருகிற தாய்மார்களிடம் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பொருள், பொட்டலமாகக் கண்ணெதிரே வந்தபிறகு தானாக விற்கிறது.

சிப்ஸ் சரம் இன்னும் தொங்குகிறது. குளிர்பானப் பெட்டியும் அதே இடத்தில் இருக்கிறது. அவற்றை எடுக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, அண்ணாச்சிக்கு அந்த வருமானம் வேண்டும். பள்ளிக்கூட வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி போட்டது. விதி நல்லது. அதை நடைமுறைப்படுத்துகிறவர்கள் பெட்டிக்கடைக்காரரிடம் அபராதம் வாங்குவதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆணியில் வேறு எதைத் தொங்கவிடுவது, அழுகினால் யார் பொறுப்பு, குளிர்பெட்டிக்குக் கடன் யார் கொடுப்பது என்பதற்கும் சேர்த்து வழி சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, இடைத்தரகர் இல்லாமல் உழவர் நேரே விற்கலாம் என்று அரசு காட்டியது. அப்படியொரு சந்தையிலிருந்து அதிகாலையில் ஒரு வண்டி தெருமுனைக் கடைகளுக்கு இரண்டு கூடை காய், ஒரு தார் வாழை என்று இறக்கிவிட்டு, மாலையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போனால் அண்ணாச்சிகள் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பாக்கெட் கம்பெனி செய்வதும் இதைத்தானே. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது எல்லா மாவட்டங்களுக்கும் வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. என்னைப் போன்ற பெண்கள்தான் அதைக் கொண்டுபோகிறார்கள், எனக்கு அதில் பெருமை உண்டு. மாத்திரையைத் தெருக்கோடி வரை கொண்டுபோகத் தெரிந்த அரசுக்குக் கீரைக்கட்டைத் தெருமுனை வரை கொண்டுபோகவும் தெரியும்.

போன மாதம் அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தார். கடையில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். தார் தீர்ந்து வெறும் காம்பு மட்டும் தொங்கியது. ஒரு சின்னப் பெண் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "பழம் எப்ப வரும்ணா?" என்று கேட்டாள். சரம் பக்கத்திலேயே தொங்கியது. அவள் அதைக் கேட்கவில்லை. "நாளைக்குப் பாப்பா" என்றான். சரி என்று போய்விட்டாள். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கிற உங்கள் தெருமுனையிலும் ஒரு கடை இருக்கும். இன்று சாயங்காலம் அங்கே போகும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: நாளைக்கு ஒரு தார் போடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். சொன்னபடி மறுநாள் போய்க் காசு கொடுத்து வாங்குங்கள். மூன்றாம் நாளும் போங்கள்.